காவிரி கீழே, சேலம் மேலே: குடிநீர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மாசி பிறந்தாலே இரண்டு பேச்சு ஆரம்பித்துவிடும். ஒன்று வெயில், இன்னொன்று தண்ணீர். மேட்டூர் அணை பக்கத்திலேயே இருக்கிறதே, அப்புறம் ஏன் நமக்கு மட்டும் நாள் கணக்கில் காத்திருப்பு என்று கேட்காத ஆள் கிடையாது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலும் தெருக்குழாயடியிலும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகள் இவை. சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு இரண்டே வரி.

மேட்டூர் இங்கிருந்து 50 கிலோமீட்டர்தான். ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் தண்ணீர் தானாக வந்துவிடாதா?

வராது. மேட்டூர் அணை நிரம்பி 120 அடியைத் தொட்டு நிற்கும் நாளில் அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி உயரம். மீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 241. சேலம் நகரம் இருப்பதோ 280 மீட்டரை ஒட்டி. நிரம்பி வழிகிற அணையே நம் தெருவுக்கு 40 மீட்டர் கீழேதான் இருக்கிறது. கோடையில் அணை 60 அடிக்கு இறங்கிவிட்டால் இன்னும் 18 மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேலத்தின் தண்ணீர்க் கதையில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது. தஞ்சாவூர்க்காரருக்குக் காவிரி தானாக இறங்கி வரும். நமக்கு அதை மோட்டார் வைத்து மேலே ஏற்ற வேண்டும். தூரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், உயரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மின்கட்டணம், மின்தடை, குழாய் உடைப்பு, முறை வைத்துத் தண்ணீர் விடுவது எல்லாம் அந்த உயரத்தில் இருந்துதான் தொடங்குகின்றன.

மேட்டூரில் கிழக்குக்கரை, மேற்குக்கரைக் கால்வாய்கள் இருக்கின்றனவே?

இருக்கின்றன. சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 45,000 ஏக்கர் அவற்றால் பாய்கிறது. வழக்கமாக ஆகஸ்ட் 1 அன்று திறந்து 137 நாள் விடுவார்கள், அணையில் இருப்பு இருந்தால். அந்தக் கால்வாய்கள் அணையிலிருந்து தாழ்வான பக்கம், எடப்பாடி, சங்ககிரி, பவானி என்று சரிவைப் பார்த்து ஓடுகின்றன. சேலம் நகரம் அந்தச் சரிவில் இல்லை.

பொதுவாகவே கேட்கிறேன்: வறட்சிப் பகுதிக்குக் குடிநீர் கொண்டுபோகக் கால்வாய் நல்லதா, குழாய் நல்லதா?

பாசனத்துக்குக் கால்வாய், குடத்துக்குக் குழாய். என் கருத்து அதுதான், ஆனால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

கால்வாயின் பலம் அளவு. விநாடிக்கு ஆயிரக்கணக்கான கன அடி போக வேண்டுமென்றால் எந்தக் குழாயும் கட்டுப்படியாகாது. கரண்ட் தேவையில்லை, சரிவு இருந்தால் போதும். ராஜஸ்தானில் இந்திரா காந்தி கால்வாய் பஞ்சாபின் ஹரிகே தடுப்பணையிலிருந்து புறப்பட்டு 600 கிலோமீட்டருக்கு மேல் தார் பாலைவனத்துக்குள் போகிறது. பாசனத்துக்காக வெட்டியதுதான், இன்று ஜோத்பூர் வரை குடிநீருக்கும் அதுவே ஆதாரம்.

பலவீனம், வழியில் போகும் தண்ணீர். மண் வாய்க்காலில் கசிவும் ஆவியாதலும் கணிசமாகத் தின்றுவிடும். மீதியில் வழியோரத்து மோட்டார்கள் பங்கு கேட்கும். சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் கண்டலேறு – பூண்டி கால்வாய் நல்ல உதாரணம். 1996-இல் தண்ணீர் வரத் தொடங்கியது, ஆனால் 152 கிலோமீட்டர் கடந்து எல்லைக்கு வந்து சேர்ந்தது எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. 2000-க்குப் பிறகு புட்டபர்த்தி சத்ய சாயி பாபா அறக்கட்டளையின் பணத்தில் கரைகளைப் பலப்படுத்திச் சீரமைத்த பிறகுதான் வரத்து தேறியது. தண்ணீர் அதே தண்ணீர், கால்வாய்தான் மாறியது.

குழாயில் இந்தத் தொல்லை குறைவு. வெயில் படாது, மாடு இறங்காது, சாக்கடை கலக்க வாய்ப்பு குறைவு, மேட்டிலும் ஏறும். வீராணத்திலிருந்து சென்னைக்கு 235 கிலோமீட்டர் தண்ணீர் போவது குழாயில்தான். ஆனால் குழாய்க்கு இரண்டு தொடர் செலவு உண்டு. ஒன்று மின்சாரம், இன்னொன்று உராய்வு. ஓடுகிற தண்ணீர் குழாயின் உள்சுவரில் உரசி அழுத்தத்தை இழந்துகொண்டே போகும். இதில் ஒரு சுவாரஸ்யம்: குழாயின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால், அதே அளவு தண்ணீருக்கு அந்த இழப்பு ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். திட்டம் போடும்போது கொஞ்சம் காசு மிச்சம் பிடிக்கச் சின்னக் குழாய் போட்டால், அடுத்த முப்பது வருடம் கரண்ட் பில்லில் அதை வட்டியோடு கட்ட வேண்டும்.

மேட்டூரிலிருந்து எங்கள் வீட்டுக் குழாய் வரை தண்ணீர் எப்படித்தான் வருகிறது?

அணைப் பக்கத்தில் காவிரியிலிருந்து தண்ணீரை எடுத்து முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றுவார்கள். மாநகராட்சியின் தனிக் குடிநீர்த் திட்டத்துக்கு மேட்டூர் தொட்டில்பட்டியில் இதற்கான நிலையம் இருக்கிறது. அங்கே படிகாரம் கலந்து கலங்கலைத் திரளவைத்து அடியில் படியவிடுவார்கள். மேலே தெளிந்ததை மணல் படுகையில் வடிகட்டி, குளோரின் சேர்ப்பார்கள். பாட்டி காலத்தில் தேற்றாங்கொட்டை உரசித் தண்ணீரைத் தெளியவைத்த அதே வேலைதான், கோடி லிட்டர் கணக்கில்.

அங்கிருந்து நீரேற்றுக் குழாய் வழியாகச் சேலத்துக்கு. வழியில் மேடு பள்ளத்தைப் பொறுத்து இடையில் நீரேற்று நிலையங்கள் அழுத்தம் கூட்டித் தள்ளும். நகருக்குள் வந்ததும் தரைமட்டத் தொட்டி, அங்கிருந்து மேல்நிலைத் தொட்டி. அதற்கப்புறம்தான் மோட்டாருக்கு ஓய்வு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருவுக்கு வருவது உயரத்தின் வேகத்தில். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று மண்டலம் நான்கு இருந்தாலும், உங்கள் தண்ணீரின் தலையெழுத்தை எழுதுவது உங்கள் பகுதித் தொட்டியும், அதில் இருந்து கிளம்பும் வால்வுகளும்தான்.

வால்வு திறப்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஆளுயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, முனையில் சதுர ஓட்டை. சாலையில் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் தூக்கி, குழிக்குள் இருக்கும் தண்டில் அந்தச் சாவியை மாட்டி, சுற்றிச் சுற்றித் திறப்பார். எத்தனை சுற்று என்பது அவர் கைக்குத்தான் தெரியும். முழுக்கத் திறந்தால் பள்ளத்துத் தெரு மொத்தமும் குடித்துவிடும், மேட்டுத் தெரு காய்ந்துபோகும். பாதி திறந்தால் நேர் எதிர். எந்த வரைபடத்திலும் இல்லாத இந்தக் கணக்கு அவரோடு ஓய்வு பெற்றுப் போய்விடுகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மேட்டூரில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் எங்களுக்கு ஏன் ஒரு நாள் தண்ணீர் தள்ளிப்போகிறது?

"இன்னிக்கு விடமாட்டாங்கக்கா, மேட்டூர்ல கரண்ட் ட்ரிப்பாம்." இது சால்ஜாப்பு போலத் தோன்றும், பெரும்பாலும் உண்மைதான்.

குழாயில் தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டர், அதாவது நாம் சாவகாசமாக நடக்கும் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 40 கிலோமீட்டர் கடக்க 11 மணி நேரம் ஆகும். ஒரு மீட்டர் விட்டமுள்ள 40 கிலோமீட்டர் குழாயை நிரப்பவே 3 கோடி லிட்டருக்கு மேல் தேவை. உடைப்பைச் சரிசெய்ய ஒரு பகுதியைக் காலி செய்தார்கள் என்றால், அதை மறுபடி மெதுவாக நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய காற்றும் தண்ணீரும் மோதி வேறு இடத்தில் குழாய் வெடிக்கும். ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சட்டென நின்றாலும் இதே ஆபத்து. கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்துகொண்டிருந்த தண்ணீர் திரும்பி வந்து இடிக்கிற இடி சாதாரணமல்ல.

அப்புறம் முறை. நேற்று உங்கள் தெருவுக்கு விட வேண்டிய நேரத்தில் தொட்டி நிரம்பவில்லை என்றால், இன்று வேறு தெருவின் முறை. ஒரு மணி நேரத் தடை வரிசையில் கடைசியில் இருப்பவருக்கு ஒன்றரை நாளாக வந்து சேரும்.

மேட்டூர் ரோட்டில் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. இப்படி வீணாக்கலாமா?

அது பெரும்பாலும் ஏர் வால்வு. குழாய் மேடு ஏறி இறங்கும் இடங்களில் உச்சியில் காற்று சேர்ந்து அடைத்துக்கொள்ளும், அதை வெளியேற்றத்தான் அந்த வால்வு. தண்ணீர் வரத் தொடங்கும்போது முதலில் 'உஸ்' என்று காற்று வரும், பிறகு உள்ளே இருக்கும் மிதவை மேலே எழும்பி வாயை அடைத்துவிடும். குழாய் காலியாகும்போது இதே வால்வு வெளிக்காற்றை உள்ளே விடும். இல்லாவிட்டால் வெற்றிடத்தில் பெரிய இரும்புக் குழாய்கூட நசுங்கிப்போகும்.

புதிதாக இருக்கும்வரை சொட்டுச் சொட்டாகத்தான் கசியும். ரப்பர் தேய்ந்தாலோ மிதவையில் மண் சிக்கினாலோ நிற்காது. சில இடங்களில் அது 'பழுதாகவே' இருக்கும்படி யாராவது ஒரு கல்லையோ குச்சியையோ செருகி வைத்திருப்பார்கள். அடியில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டி, சுற்றிலும் நாலைந்து பிளாஸ்டிக் குடம், பக்கத்தில் வரிசையாகத் துணி துவைக்கிற கல், கொஞ்சம் தள்ளித் தண்ணீர் குடிக்கிற எருமை. சேலத்துக்குப் போகிற தண்ணீர் தங்கள் வாசல் வழியாகப் போகிறது, தங்கள் ஊர்க் குழாயில் மட்டும் காற்று வருகிறது என்றால் அந்த மக்கள் வேறென்ன செய்வார்கள்? வால்வைச் சரிசெய்வது பாதி வேலைதான். வழியோர ஊர்களுக்கு முறையான இணைப்புக் கொடுப்பது மீதி.

முதலில் வரும் தண்ணீர் ஏன் கலங்கலாக இருக்கிறது?

தண்ணீர் இல்லாத நாட்களில் தெருக்குழாய் பாதி காலியாகக் கிடக்கும். உள்ளே அழுத்தம் இருக்காது. சாக்கடை ஓரத்தில் குழாயில் மயிரிழை விரிசல் இருந்தால் வெளியில் இருப்பது உள்ளே வரும். நாள் முழுக்க அழுத்தத்தோடு இருக்கும் குழாயில் இது நடக்காது, தண்ணீர் வெளியேதான் கசியும். முறை வைத்து விடுவதன் பெரிய கேடு இதுதான், தண்ணீர் குறைவாக வருவதைவிடவும்.

இதில் நாமும் எண்ணெய் ஊற்றுகிறோம். குழாயில் நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சும்போது, தெருக்குழாயில் இருக்கும் கொஞ்ச அழுத்தமும் போய், விரிசல் வழியாகச் சாக்கடையையும் சேர்த்தே இழுக்கிறோம். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீர் போகாது என்பது ஒரு பக்கம். இழுத்தவர் வீட்டுத் தொட்டிக்குத்தான் அந்த அழுக்கு முதலில் போகும். சட்டப்படியும் தவறு, மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பைத் துண்டிக்க மாநகராட்சிக்கு அதிகாரம் உண்டு. முதல் பத்து நிமிடத் தண்ணீரைத் தனியாகப் பிடித்துச் செடிக்கும் வாசல் தெளிக்கவும் வைத்துக்கொண்டு, தெளிந்த பிறகு தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

சேலத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? டெல்டாவின் பங்கைக் குறைக்காமல் அது கிடைக்குமா?

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8.29 லட்சம். நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் வகுத்திருக்கும் அளவு. பெருக்கினால் நாளைக்கு 11 கோடி லிட்டர் சொச்சம். ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். ஆக ஒரு டிஎம்சி தண்ணீர் அந்த மக்கள்தொகைக்கு எட்டு மாதத்துக்கு மேல் காணும், வருடத்துக்கு ஒன்றரை டிஎம்சிக்குள் அடங்கிவிடும்.

அணையின் மொத்தக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. டெல்டாவுக்கு விநாடிக்கு 12,000 கன அடி திறந்தால் ஒரே நாளில் ஒரு டிஎம்சிக்குச் சற்று அதிகமாகப் போய்விடும். அங்கே ஒன்றரை நாளில் ஓடுவது இங்கே ஒரு வருடக் குடிநீர். மக்கள்தொகை இன்று கூடியிருக்கும், கிராமங்களையும் சேர்க்க வேண்டும், அப்போதும் அணையின் கணக்கில் இது சின்னத் தொகை. ஆகவே குடிநீரையும் டெல்டாவையும் எதிரும் புதிருமாக நிறுத்துகிற பேச்சை நான் நம்புவதில்லை. நமக்குக் குறைவது மோட்டார், குழாய், தொட்டி, பராமரிப்பு.

மேட்டூர் உபரிநீரை 100 ஏரிகளுக்கு விடும் திட்டம் குடிநீருக்கா?

நேரடியாக இல்லை. அணை நிரம்பி வெள்ளமாக வீணாகப் போகும் தண்ணீரில் அரை டிஎம்சியை ஒட்டி (0.555) எடுத்து, சரபங்கா வடிநிலத்தில் மேட்டூர், எடப்பாடி, சங்ககிரி, ஓமலூர் வட்டங்களில் உள்ள 100 வறண்ட ஏரிகளை நிரப்புவதுதான் நோக்கம். மதிப்பீடு 565 கோடி ரூபாய். 2020-இல் அடிக்கல் நாட்டினார்கள், 2021 பிப்ரவரியில் முதல் கட்டமாகத் திப்பம்பட்டி நீரேற்று நிலையத்திலிருந்து தண்ணீர் ஏற்றினார்கள். கவனியுங்கள், இதுவும் ஏற்றுவதுதான். ஏரிகள் அணைக்கு மேலே இருக்கின்றன.

ஏரியில் ஒரு மாதம் தண்ணீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகளும் ஊராட்சியின் ஆழ்துளைக் கிணறுகளும் ஊறும். குடிநீருக்குப் பலன் அந்த வழியில். ஒரே சிக்கல்: அணையில் உபரி இருந்தால்தான் ஏரிக்குத் தண்ணீர். பஞ்ச காலத்தில் அணையும் காயும், ஏரியும் காயும். நல்ல வருடத்தில் நிரப்பி நிலத்துக்குள் சேமிக்கிற திட்டமாக இதைப் பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

எங்கள் ஊரில் ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் இல்லை. ஏன்?

சேலத்துக்கு அடியில் இருப்பது கெட்டிப் பாறை. சேர்வராயன் மலையே சார்னோகைட் என்னும் பழம்பாறையால் ஆனது. இதில் மண்ணோ மணலோ போலத் தண்ணீர் எங்கும் பரவி நிற்காது. மேலே சிதைந்த பாறை அடுக்கில் கொஞ்சம், அதற்குக் கீழே வெடிப்புகளில் கொஞ்சம், அவ்வளவுதான். ஆழம் போகப் போக வெடிப்பும் குறையும். பக்கத்துத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகின்றன. அந்தத் தொழில் இங்கே வளர்ந்ததற்கு நம் பாறையும் ஒரு காரணம். வெடிப்பில் பட்டால் தண்ணீர், படாவிட்டால் புகை.

கிடைத்தாலும் உப்போ கடினமோ அதிகம். தர்மபுரியை ஒட்டிய பக்கங்களில் ஃபுளோரைடும் உண்டு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை அனுமதி. அதைத் தாண்டி வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் பாதிக்கும். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதிகமாகும். இதற்காகத்தான் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு வந்து 2013-இல் தொடங்கியது. நம் பக்கம் மேச்சேரி, நங்கவள்ளி, காடையாம்பட்டி, வாழப்பாடி, ஆத்தூர் என்று கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் காவிரியைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகின்றன. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஆளுக்கு 55 லிட்டர் அளவு. குழாய் மாட்டியாகிவிட்டது என்பதும் அந்த 55 லிட்டர் வருகிறது என்பதும் வேறு வேறு. கிராம சபையில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டாவது.

பனமரத்துப்பட்டி ஏரி என்ன ஆனது?

காவிரி வருவதற்கு முன் சேலம் குடித்தது அந்த ஏரியைத்தான். ஆங்கிலேயர் காலத்தில், 1911-இல் நகரின் குடிநீருக்கென்றே கட்டியது. ஜருகுமலை, போதமலைப் பக்கத்து ஓடைகள் நிரப்பும், பரப்பு 2,000 ஏக்கருக்கு மேல். தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாட்டுக்குப் பிறகு பிறந்த தலைமுறை அதைக் கட்டியது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் ஏரியை மறந்தோம். வரத்து ஓடைகள் அடைபட்டன, உள்ளே சீமைக்கருவேலம் காடாக மண்டியது. தூர்வாரும் பேச்சு ஒவ்வொரு ஆட்சியிலும் எழும். ஏரியைத் தூர்வாருவதற்கு முன்னால் ஓடைகளைத் தூர்வார வேண்டும், வரத்து இல்லாத ஏரி வெறும் பள்ளம். திறந்த நீர்ப்பரப்பில் கோடை வெயில் நாளைக்கு 6 மில்லிமீட்டர் குடித்தாலே 2,000 ஏக்கரில் கிட்டத்தட்ட 5 கோடி லிட்டர் போய்விடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மேட்டூர்க் குழாய் நின்றுபோகும் வாரத்தில் நகரத்துக்கு அருகில் ஒரு கைச்சேமிப்பு இருப்பது எத்தனை பெரிய தெம்பு. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010 வாக்கில் ஊர்க்காரர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து மீட்டது நம் கண் முன்னால் நடந்ததுதானே.

ஏற்காட்டுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுபோக முடியுமா?

முடியும், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டுப் பேசுவோம். ஏற்காடு 1,500 மீட்டர், சேலம் 280. ஏற்ற வேண்டிய உயரம் 1,200 மீட்டருக்கு மேல். ஒரே மோட்டாரில் ஏற்றினால் அடிவாரத்தில் குழாய் தாங்க வேண்டிய அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 120 கிலோ. சாதாரணக் குடிநீர்க் குழாய் எதுவும் அதைத் தாங்காது. ஆகவே பல கட்டமாக, ஒவ்வொரு கட்டத்திலும் தொட்டி, மோட்டார், மின் இணைப்பு, காவலாள் என்று போக வேண்டும். மின்சாரம் மட்டும் ஆயிரம் லிட்டருக்கு 4, 5 யூனிட் ஆகும். சமவெளியில் 100 மீட்டர் ஏற்ற அரை யூனிட்கூட ஆகாது.

விநோதம் என்னவென்றால் மழை நம்மைவிட அங்கேதான் அதிகம். சேலத்தில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்தால் ஏற்காட்டில் 1,500-ஐ ஒட்டிப் பெய்யும். திருமணிமுத்தாறும் சரபங்காவும் பிறப்பதே சேர்வராயன் மலையில்தான். பெய்கிற மழை சரிவில் உருண்டு ஓடி நம் பக்கம் வந்துவிடுகிறது. மே மாதம், ஊற்றுகள் மெலிந்து கிடக்கும் நேரத்தில்தான் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிற சுற்றுலாக் கூட்டம் அறைக்கு அறை ஷவரைத் திறக்கும். மலைக் கிராமத்துப் பெண்கள் அதே நேரத்தில் ஊற்றுக்குழியில் சொம்பால் மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருப்பார்கள். ஏற்காட்டுக்கு வேண்டியது சிறு தடுப்பணைகள், ஊற்றுப் பாதுகாப்பு, ஒவ்வொரு விடுதிக் கூரையிலும் மழைநீர்த் தொட்டி. காவிரியை மேலே ஏற்றுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

வீட்டில் ஆர்ஓ அவசியமா?

காவிரித் தண்ணீருக்கு ஆர்ஓ தேவைப்படாது. உப்பு அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்ல தண்ணீர். சின்ன டிடிஎஸ் மீட்டர் வாங்கி நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க அதைப் போல இரண்டு மூன்று மடங்கை வெளியே தள்ளும். நாள் கணக்கில் காத்துப் பிடித்த தண்ணீரை அப்படிச் சாக்கடையில் விட எனக்கு மனசு வராது. கொதிக்கவைத்து ஆறவைத்தால் போதும். போர்த் தண்ணீரைக் குடிப்பவர்கள் கதை வேறு, அவர்களுக்கு ஆர்ஓ வேண்டியிருக்கலாம்.

சில சமயம் தண்ணீரில் பாசி வாடை வருகிறதே?

அணையின் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கம் சில மாதங்களில் தண்ணீர் பச்சையாகித் துர்நாற்றம் அடிக்கும். கழிவும் உரமும் சேர்ந்த தேங்கிய நீரில் பாசி பெருகுவதால் வருவது. சுத்திகரித்தாலும் வாடை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரலாம். குளோரின் வாடை வேறு, அது இருந்தால் நல்லதுதான். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும் என்பது விதி. பாத்திரத்தில் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் போய்விடும்.

தொட்டியில் எத்தனை நாள் வைத்துக் குடிக்கலாம்?

மூடி சரியாக இருந்தால் ஒரு வாரம். ஒரு கொசு நுழையும் இடைவெளி இருந்தாலும் டெங்கு கொசு முட்டையிட்டு ஏழெட்டு நாளில் பறந்துவிடும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் குடம், டிரம், சிமெண்ட் தொட்டி எல்லாவற்றையும் காலி செய்து உள்சுவரை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. சம்பில் சந்தேகம் இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். வாளித் தண்ணீரில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள்.

அளவு தெரிய வேண்டுமென்றால், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 7, 8 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு வாரம் 300 லிட்டருக்குள். காவிரித் தண்ணீரைத் தனியாக வைத்து, குளிக்கத் துவைக்க உப்புத் தண்ணீரைப் பயன்படுத்தினால் கோடை கடந்துவிடலாம். சேலத்தில் பாதி வீடுகளில் 'நல்ல தண்ணி' குழாய், 'உப்புத் தண்ணி' குழாய் என்று இரண்டு இருப்பது இதனால்தான்.

மேட்டூரே வறண்டால்?

2017 கோடையில் அணை அடிமட்டத்துக்குப் போனதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட நேரத்தில் பாசனத்தை நிறுத்திவிட்டுக் குடிநீருக்கு மட்டும் சொற்பமாகத் திறப்பார்கள். குடிநீருக்குத்தான் முதல் உரிமை, அதில் யாருக்கும் சண்டை இல்லை. 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் போனதும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர்தான். ஒரு ரயிலுக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் சேலத்துக்கு ஒரு நாளைக்கு அப்படி 40 ரயில்களுக்கு மேல் வேண்டும்.

கோதாவரி – காவிரி இணைப்பு வந்தால் நமக்கு விடிவா?

அந்தத் திட்டம் காவிரியைத் தொடும் இடம் கல்லணை. நமக்கு வெகு கீழே. டெல்டாவுக்கு அங்கே தண்ணீர் கிடைத்தால் மேட்டூரில் இருப்பு கொஞ்சம் அதிக நாள் நிற்கும், அவ்வளவுதான் நம் பங்கு. அதுவரை கூரையைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் 900 மில்லிமீட்டர் மழை என்றால், வழியில் போவது போக 65,000 லிட்டர் பிடிக்கலாம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலிருந்தே கட்டாயம். பல வீடுகளில் அந்தக் குழாய் பிளான் பாஸ் செய்வதற்காக மட்டும் சுவரோடு ஒட்டி நிற்கிறது.

பக்கத்துத் தெருவுக்கு வருகிறது, எங்கள் தெருவுக்கு மட்டும் வரவில்லை. யாரிடம் போவது?

போவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் தெரு குழாயின் கடைசி முனையா, மேடா? பக்கத்துத் தெருவில் எத்தனை மோட்டார் ஓடுகிறது? தண்ணீர் வந்த தேதி, நேரம், எத்தனை குடம் என்று ஒரு மாதக் குறிப்பு இருக்கிறதா? காலண்டர் தாளில் எழுதியிருந்தாலும் போதும். "ரொம்ப நாளா வரல சார்" என்றால் "பாக்கறோம்" என்பார்கள். தேதி போட்ட தாளை மேஜையில் வைத்தால் வால்வுக்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். முதலில் வார்டு கவுன்சிலர், பிறகு மண்டல அலுவலக உதவிப் பொறியாளர், அதன் பின் மாநகராட்சியின் குறைதீர் கூட்டம். ஊராட்சி என்றால் டேங்க் ஆபரேட்டர், ஊராட்சிச் செயலர், வட்டார வளர்ச்சி அலுவலர். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.